ஒரு அடி நிறுத்து, இரண்டு அடி விடு

மரியே வாழ்க

எல்கடுவ
3.3.2002

செபஸ்தியன், நோபர்ட், டீமேக்கர் ஒஸ்வல்ட், பாப்பம்மா, லொறிக்காரர் ரவூப், நான். அன்றைக்குத் தேயிலைப் பெக்டரியில் இருந்தவர்கள் இந்த ஆறு பேர்தான்.

அன்புப் பேத்தி மார்ஜரிக்கு அப்பாயி எழுதுவது. நீ கேட்டதை முதலில் எழுதிவிட்டேன், சுகம் விசாரிப்பதெல்லாம் பிறகு. உன் அப்பன் செத்து இருபத்து மூன்று வருஷம் ஆகப் போகிறது. யார் எங்கே நின்றார்கள், யார் கையில் என்ன இருந்தது என்று இதுவரை ஒருவரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. விசாரணைக்கு வந்தவர்கள்கூட ஒரு பேப்பரை நீட்டி, "இதுல ஒப்பம் வைம்மா" என்றார்கள், அவ்வளவுதான். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள், ஆனால் ஞாபகத்துக்கு வகுப்புக் கிடையாது. எழுதிக்கொள்.

1979 ஜூன் பதின்மூன்று. வஹகோட்டை அந்தோனியார் திருநாள் என்று பெக்டரி ஆட்களில் முக்கால்வாசிப் பேர் போய்விட்டார்கள். முந்தின நாள் கொழுந்து மிச்சம் கிடந்ததால் எங்களை மட்டும் நிறுத்தி வைத்தான் ஒஸ்வல்ட். அவன் தன் அறையில், அந்தக் கண்ணாடிக் காம்பராவில், பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். ரவூப் வெளியே லொறியில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார். நானும் பாப்பம்மாவும் சல்லடைக் காம்பராவில். (என் கல்யாணச் சாப்பாட்டில் கறிக்கு உப்பில்லை என்று பந்தியில் கத்தினாளே, அதே பாப்பம்மா.) உன் அப்பன் செபஸ்தியன், கொழுந்து அரைக்கும் ரோலரில். சுவருக்கு அந்தப் பக்கம், மோட்டர் காம்பராவில், சுவிட்சில் என் தம்பி நோபர்ட்.

ரோலரில் கொழுந்து சிக்கியது. செபஸ்தியன் தானே நடந்துபோய், "மாமா, நிப்பாட்டுங்க" என்று சொல்லி, நிறுத்தின பிறகுதான் திரும்பி வந்து கையை உள்ளே விட்டான். முன்னே இதற்கெல்லாம் ஒரு பித்தளை மணி இருந்தது. கயிற்றை ஒரு அடி அடித்தால் நிறுத்து, இரண்டு அடி அடித்தால் கரண்டை விடு. அன்றைக்கு மணி இல்லை, அது தொங்கின ஆணி மட்டும் இருந்தது. பிள்ளையின் கை உள்ளே இருக்கும்போதே நோபர்ட் சுவிட்சைப் போட்டான். "விடுன்னு கேட்டுச்சு" என்று விசாரணையில் சொன்னான். கேட்டதாம்! நான் ஓடிப் போனபோது செபஸ்தியன் காலடியில் கஞ்சித் தூக்கு இன்னும் மூடி திறக்காமல் இருந்தது. ரவூப் லொறியில் தூக்கிப் போட்டுக்கொண்டு மாத்தளைக்குப் பறந்தார். உன் அப்பன் டவுனைப் பார்க்கவில்லை.

நோபர்ட்டைப் பற்றி இன்னொன்றும் எழுத வேண்டும், இல்லையென்றால் பொய்யாகிவிடும். பதினொரு வருஷம் அந்தச் சுவிட்சில் நின்றவன், சொல் வராமல் ஒரு நாளும் கை வைத்ததில்லை. அந்த ஒரு நாளைத் தவிர. அந்த நாளிலிருந்து அவன் என் வாசலை மிதித்ததில்லை, மிதிக்கவும் கூடாது.

கம்ப்யூட்டர் படிக்கப் போனவளுக்கு டீ ரோலர் எதற்கு? அதை எழுது.

அப்பாயி
மரியாயி


ஐந்தோவன், ஒல்லாந்து
24.3.2002

அன்புள்ள அப்பாயிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். முதல் தரம் மகளாக. அடுத்த இரண்டு தரம் கையில் பென்சிலோடு.

நீங்கள் கேட்டதற்குப் பதில். கம்ப்யூட்டர் என்றால் மேசையில் இருக்கும் பெட்டி மட்டும் இல்லை. லிஃப்டுக்குள்ளே, ரயில் கதவுக்குள்ளே, ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றும் பம்புக்குள்ளே தீப்பெட்டி அளவில் ஒரு மூளை உட்கார்ந்திருக்கிறது. எப்போது ஓடு, எப்போது நில் என்று அதுதான் சொல்கிறது. அந்த மூளை ஒரு நாளும் தப்பாகச் சொல்லாது என்று நிரூபிப்பதுதான் என் ஆராய்ச்சி.

"ஆயிரம் தரம் ஓட்டிப் பார்த்தால் தெரியாதா?" என்பீர்கள். தெரியாது, அப்பாயி. அப்பாவின் ரோலர் எத்தனை ஆயிரம் தரம் ஒழுங்காக நின்று ஒழுங்காக ஓடியிருக்கும்? நாங்கள் ஓட்டிப் பார்ப்பதில்லை. ஒரு ஆள் எங்கெல்லாம் நிற்கலாம், கை உள்ளேயா வெளியேயா, சுவிட்ச் மேலேயா கீழேயா, யார் சொல் யாருக்குப் போகும் என்று நடக்கக்கூடிய அத்தனையையும் எழுதிக் கொடுத்துவிடுவோம். கம்ப்யூட்டர் ஒன்றுவிடாமல் எல்லா வழியிலும் போய்ப் பார்க்கும். நீங்கள் ஜெபமாலையை ஒரு மணியும் தாண்டாமல் உருட்டுவீர்களே, அப்படி. "கை உள்ளே இருக்கும்போது ரோலர் ஓடுகிறது" என்ற இடத்துக்கு ஒரு வழியாவது போகிறதா என்பதுதான் கேள்வி. போனால், அந்த வழியை அடி அடியாக எழுதிக் காட்டும்.

என் ஆராய்ச்சிப் புத்தகத்தின் முதல் அத்தியாயத்துக்கு ஒரு சின்ன உதாரணம் வேண்டும். இரண்டு ஆள், ஒரு மெஷின், நடுவில் ஒரு சுவர். எனக்கு வேறு உதாரணம் தோன்றவில்லை.

சில விஷயங்கள் இன்னும் தேவை. ரோலருக்கும் சுவிட்சுக்கும் எவ்வளவு தூரம்? ஃபேன் ஓடும்போது இங்கே கத்தினால் அங்கே கேட்குமா? மணி எங்கே போனது?

ஆகஸ்டில் வருகிறேன். அப்போது நோபர்ட் தாத்தாவும் வீட்டுக்கு வர வேண்டும் என்று ஆசை. கோயில் சாமியார் மூலம் அவர் இரண்டு தரம் கேட்டுவிட்டாராம். அவருக்கும் அறுபத்தைந்து ஆகிறது.

அன்புடன்
மார்ஜரி


எல்கடுவ
20.4.2002

மார்ஜரிக்கு,

நோபர்ட் விஷயத்தை ஆகஸ்டில் பேசிக்கொள்ளலாம் என்று நினைக்காதே. பேச ஒன்றுமில்லை.

மற்றதற்குப் பதில். கேள்விப்பட்டதை எழுதி உன் மெஷினைக் கெடுக்க விருப்பமில்லாமல் நானே பெக்டரிக்குப் போனேன். பாப்பம்மாவையும் இழுத்துக்கொண்டு போனேன். இப்போதிருக்கும் டீமேக்கர் சிங்கள ஆள், நல்ல மனுஷன். "மொகடத ஆச்சி?" என்று கேட்டார். எதற்கு என்கிறார். "என் பேத்தி ஒல்லாந்தில் இந்த ரோலரைப் படிக்கிறாள்" என்றேன். சிரிக்கவில்லை. நாற்காலி போட்டார்.

இப்போது ஒவ்வொரு ரோலரிலும் அங்கேயே நிறுத்த ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் செபஸ்தியனின் ரோலர் அதே இடத்தில் நிற்கிறது, பழைய சுவிட்சுப் பலகையும் அதே சுவரில் இருக்கிறது. நடந்து பார்த்தேன். முப்பத்தொரு எட்டு. நடுச்சுவரில் ஒரு வாசல், அதுவும் ஓரத்தில். இங்கிருந்து அங்கே ஆள் தெரியாது.

பிறகு பாப்பம்மாவை ரோலருக்குப் பக்கத்தில் நிறுத்தி, நான் சுவிட்சுப் பலகையில் நின்றேன். ஃபேன் எல்லாம் ஓடியது. "நீ பாட்டுக்குக் கத்து" என்று சொல்லியிருந்தேன். வெகு நேரம் ஒன்றும் காணோம். நடந்துபோய்ப் பார்த்தால் கழுத்து நரம்பு புடைக்க நிற்கிறாள்.

"என்னடி, கத்தச் சொன்னா வாயைப் பொளந்துட்டு நிக்கிற?"

"நான் கத்துனது ஒனக்குக் கேக்கலையா?"

"என்ன கத்துன?"

"ஒன் கல்யாணத்துக் கறியில உப்பே இல்லன்னு கத்துனேன். மூணு தரம்!"

கேட்கவில்லை, மார்ஜரி. ஒரு எழுத்தும் கேட்கவில்லை. அவள் குரல் உனக்குத் தெரியும், மேட்டு லயத்து வீடுகளிலிருந்து கத்தினால் பங்களா நாய் எழுந்து நிற்கும். அதுவே கேட்கவில்லை. உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டேன்.

மணி எங்கே போனது என்று கேட்டாய். அந்த வருஷம் ஏப்ரலில் ஒஸ்வல்ட் அதைக் கழற்றினான். சத்தம் தலைவலியாக இருக்கிறதாம். கழற்றியதை மாத்தளையில் கட்டின புது வீட்டுக்குக் கொண்டுபோய் கேட்டில் மாட்டினான். கோயிலுக்குப் போகும்போது என் கண்ணால் பார்த்தேன். நோபர்ட் அவனிடம் போய், "ஐயா, மணி இல்லாம கஷ்டமா இருக்கு" என்றதற்கு, "வாய் இருக்குதானே, சொல்லிக்கங்க" என்றான். விசாரணையில் மணி ரிப்பேருக்குப் போயிருந்தது என்று எழுதிக் கொடுத்தான்.

சண்டை நிறுத்தம் என்று ரேடியோவில் சொன்னார்கள். நிஜம்தான் போலிருக்கிறது. மாத்தளை செக்பொயின்டில் போன வாரம் என் பையை அவிழ்க்கச் சொல்லவில்லை. எனக்கே என்னவோ போலிருந்தது.

உன் மெஷின் என்ன சொன்னது என்று உடனே எழுது. இராத்திரி பகல் அதே நினைப்பாக இருக்கிறது.

அப்பாயி


ஐந்தோவன்
12.5.2002

அன்புள்ள அப்பாயிக்கு,

என் பேராசிரியரிடம் உங்கள் கடிதத்தை மொழிபெயர்த்துச் சொன்னேன். "உன் ஆராய்ச்சிக் குழுவில் உன் பாட்டியையும் சேர்த்துக்கொள்ளலாம்" என்றார். பாப்பம்மா பாட்டியின் பரிசோதனையை அப்படியே புத்தகத்தில் போடப் போகிறேன், உப்பு உட்பட.

விடை வந்துவிட்டது. ஆனால் எனக்கு அது பிடிக்கவில்லை.

நீங்கள் எழுதினதை எழுதினபடியே கொடுத்தேன். ஆறு ஆள், முப்பத்தொரு எட்டு, வாசல், ஃபேன், மணி இல்லை. சொல் வராமல் நோபர்ட் தாத்தா சுவிட்சில் கை வைக்க மாட்டார் என்பதும் நீங்கள் எழுதினதுதான். கம்ப்யூட்டர் எல்லா வழியிலும் போய்ப் பார்த்துவிட்டு, அந்த விபத்து நடக்க முடியாது என்கிறது.

கோபப்படாதீர்கள். நடந்தது எனக்குத் தெரியும். நடந்த ஒன்றை நடக்க முடியாது என்று அது சொன்னால், நாம் கொடுத்த கணக்கில் ஏதோ ஒன்று விட்டுப்போயிருக்கிறது என்றுதான் அர்த்தம். தாத்தா சும்மா போட்டார் என்று மாற்றினால் நடக்கும். ஆனால் பதினொரு வருஷம் என்றீர்களே, அதை என்னால் அழிக்க முடியவில்லை. "விடுன்னு கேட்டுச்சு" என்று அவர் சொன்னது உண்மையென்றால், அந்தச் சொல் வாசல் வழியாக நடந்து வந்திருக்க வேண்டும். நடக்க ஒரு ஆள் வேண்டும். நீங்கள் சொன்ன ஆறு பேரில் ஒருவரும் அந்த வாசலில் இல்லை.

அவருக்கும் எழுதிக் கேட்டேன். இரண்டே வரியில் பதில்: "உன் அப்பாயி சொன்னதுதான் சரி மகளே. அதற்கு மேல் கேட்காதே."

உங்கள் முதல் கடிதத்தில் இன்னொன்று இருக்கிறது. கஞ்சித் தூக்கு அப்பாவின் காலடியில் இருந்தது. திறக்கவில்லை என்றால் அப்போதுதான் வந்திருக்கிறது. அதை யார் கொண்டுவந்தது?

மார்ஜரி


எல்கடுவ
30.5.2002

நடக்க முடியாதா? அப்படியானால் நான் புதைத்தது யாரை? உன் மெஷினைக் கேட்டுச் சொல்.

தூக்கை யார் கொண்டுவந்தார்களாம்! தூக்கு தானாக நடந்து வந்தது. போதுமா?

உனக்கு ஒரு உதாரணம்தானே வேண்டும். லிஃப்டைப் பற்றி எழுது, ரயில் கதவைப் பற்றி எழுது. ரோலரை விட்டுவிடு. இதற்கு மேல் இதைப் பற்றிக் கேட்டால் பதில் எழுத மாட்டேன்.

மரியாயி


ஐந்தோவன்
13.6.2002

அப்பாயி,

இன்றைக்கு அப்பாவின் நாள். இங்கே ஒரு கோயிலில் மெழுகுத்திரி ஏற்றிவிட்டு வந்து எழுதுகிறேன்.

1949-ல், உங்கள் கல்யாணத்தில், யார் எந்தப் பந்தியில் எந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள் என்று சொல்லுவீர்கள். தூக்கை யார் கொண்டுவந்தார்கள் என்பது உங்களுக்கு மறந்திருக்காது. மறக்காத ஒன்றைச் சொல்ல மறுக்கிறீர்கள். அப்படியென்றால் யாரையோ ஒளித்து வைக்கிறீர்கள். நீங்களும் தாத்தாவும், ஒருவரோடொருவர் பேசாமலே, ஒரே ஆளை.

அன்றைக்குத் திருநாள். தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவும் வஹகோட்டைக்குப் போயிருப்பாள், பிள்ளைக் காம்பரா பூட்டியிருக்கும். எனக்கு அப்போது ஐந்து வயது. அம்மா என்னைப் பெற்ற கையோடு இறந்துவிட்டாள். நீங்கள் என்னை எங்கே விட்டுவிட்டு வேலைக்கு வந்திருப்பீர்கள்?

தூக்கின் சூடு முழங்காலில் பட்டது எனக்கு நினைவிருக்கிறது. அது வேறொரு நாள் என்று இத்தனை காலமும் நினைத்திருந்தேன்.

ஏழாவது ஆளாக ஒரு சின்னப் பிள்ளையைச் சேர்த்துத் திரும்ப ஓட்டினேன். நான்கே நொடியில் வழி கிடைத்துவிட்டது.

ஆள் யார் என்று கேட்கவில்லை. நான் போய்ச் சொன்னது என்ன, அப்பாயி? அதை மட்டும் சொல்லுங்கள். தெரியாமல் என்னால் முதல் அத்தியாயத்தை முடிக்க முடியாது. மற்ற எதையும் முடிக்க முடியாது.

மார்ஜரி


மரியே வாழ்க

எல்கடுவ
7.7.2002

கண்ணு மார்ஜரி,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி.

உன்னை என் பக்கத்தில் சாக்கில் உட்கார வைத்திருந்தேன். கஞ்சி ஆறுகிறதே என்று நான்தான் உன் கையில் தூக்கைக் கொடுத்து, "அப்பாகிட்ட வச்சிட்டு ஓடி வந்துரு" என்றேன். நீ வைத்துவிட்டு வாசலைத் தாண்டி நோபர்ட்டைப் பார்க்கப் போனாய். உனக்கு அவன்மேல் உயிர். அவன் உன்னிடம், "அப்பாகிட்ட கேட்டு வா சாமி, என்ன செய்யணுமாம்?" என்றான். நீ ஓடிப்போய்க் கேட்டாய். செபஸ்தியன் கையை வெளியே எடுக்காமல் சொன்னான்: "விடச் சொல்லும்மா, அப்புறம் பாத்துக்கலாம்." நீ திரும்பி ஓடிப்போய், "அப்பா விடச் சொன்னாரு" என்றாய்.

அவ்வளவுதான். நீ ஒரு எழுத்தும் மாற்றவில்லை, பின்பாதியை மட்டும் வழியில் விட்டுவிட்டாய்.

லயத்து வீடுகளில் "விடு" என்றால் அதைத் தொடாதே, இருக்கட்டும் என்று அர்த்தம். பெக்டரியில் "விடு" என்றால் கரண்டை விடு. உன் அப்பன் பெக்டரி ஆட்களோடு பேசியிருந்தால் அந்தச் சொல்லைச் சொல்லியே இருக்க மாட்டான். உன்னோடு பேசும்போது வீட்டுப் பேச்சுத்தான் அவன் வாயில் வரும். நோபர்ட் காதில் அது பெக்டரிப் பேச்சாக விழுந்தது. இரண்டு பேரும் சரியாகத்தான் சொன்னார்கள், சரியாகத்தான் கேட்டார்கள்.

எனக்கு எப்படித் தெரியும் என்பாய். அன்று மத்தியானம் நீயே அதைப் பாட்டுப் போலச் சொல்லிக்கொண்டிருந்தாய், "விடச் சொல்லும்மா, அப்புறம் பாத்துக்கலாம்" என்று. உன் வாயில் ஒரு அறை வைத்தேன். அதன் பிறகு நீ சொல்லவே இல்லை. அந்த அறைதான் உனக்கு எல்லாவற்றையும் மறக்கடித்தது என்று நினைக்கிறேன்.

லொறி போனதும் நோபர்ட் சுவிட்சுப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றான். "அக்கா, கேட்டு வான்னு அனுப்புனேன், அப்பா விடச் சொன்னாருன்னு புள்ள வந்து சொல்லுச்சு" என்றான். "எந்தப் புள்ள? புள்ள இங்க வரவே இல்ல" என்றேன். என் முகத்தைப் பார்த்தான். "ஆமாக்கா, வரல. எனக்குத்தான் கேட்டுச்சு" என்றான். அதையே எல்லாரிடமும் சொன்னான். வேலை போனது, இருந்த லயத்துக் காம்பரா போனது. யாரும் எந்தச் சொல்லும் கொண்டுவரவில்லை என்ற பேப்பரில் நான் ஒப்பம் வைத்தேன். அவனை வாசலில் சேர்த்தால் ஒரு நாள் உனக்குத் தெரிந்துவிடும் என்று கதவைச் சாத்தினேன். சாத்தின கதவுக்கு ஒரு காரணம் வேண்டுமே, அதனால் கோபப்பட்டேன். வருஷக் கணக்கில் கோபப்பட்டுப் பழகியதில் அது நிஜக் கோபமாகவே ஆகிவிட்டது.

உன் கடிதம் வந்து மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் பாப்பம்மாவைக் கூட்டிக்கொண்டு வஹகோட்டைக்குப் பஸ் ஏறினேன். கோயில் வாசலில் மெழுகுத்திரி விற்கிறான். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைக் கண்டதும் எழுந்து நின்றான்.

"யாருக்குக்கா மெழுகுத்திரி?"

"எனக்குத்தான். உசுரோட இருக்கிறவங்களுக்கு விக்க மாட்டியா?"

சிரிக்கலாமா என்று தெரியாமல் நின்றான். "மார்ஜரி கண்டுபிடிச்சிட்டா" என்றேன்.

"அந்தோனியார் மேல சத்தியமா நான் சொல்லலக்கா."

"நீயும் சொல்லல, நானும் சொல்லல. அவ மெஷின் சொல்லிருச்சு."

மெழுகுத்திரிகளை எடுத்துத் திரும்ப அடுக்கினான். பிறகு, "புள்ள அழுதுச்சா?" என்று கேட்டான். அவன் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"தெரியல. அது கடுதாசில தெரியாதே."

"அது நல்ல மெஷினாக்கா?"

"நம்ம மெஷின விட நல்லது. ஒரு சொல்லு வந்தா, யாரு சொன்னது, எதுக்குச் சொன்னதுன்னு கேக்காம ஓடாதாம்."

"அப்ப ஒரு மணி மாதிரி" என்றான்.

"ஆமா, மணி மாதிரி" என்றேன்.

ஆகஸ்டில் நீ வரும்போது அவன் இங்கே இருப்பான். உன் அப்பனின் கட்டிலைத் தட்டிப் போட்டுவிட்டேன். என்னை அவன் மன்னித்தானா என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அது அவன் பாடு.

திரும்பி வரும்போது மாத்தளையில் இறங்கி, மணியைக் கொண்டுபோனவன் வீட்டுக்குப் போனேன். மணி இன்னும் கேட்டில் தொங்குகிறது. பளபளவென்று துலக்கி வைத்திருக்கிறான். கயிற்றைப் பிடித்து ஒரு அடி அடித்தேன். ஒரே அடி. பாப்பம்மா பயந்து, "வாடி போயிரலாம்" என்று என் சேலையை இழுத்தாள். பொல்லூன்றிக்கொண்டு வெளியே வந்தான்.

"யாரும்மா? என்ன வேணும்?"

"ஒரு அடின்னா என்னாங்கய்யா?"

விளங்காமல் பார்த்தான். "இந்த மணி எங்கருந்து வந்ததுங்கய்யா?" என்று கேட்டேன். "பழைய சாமான். எங்கயோ கெடச்சது, ஞாபகம் இல்ல" என்றான். நடிக்கவில்லை. நிஜமாகவே ஞாபகம் இல்லை. அந்த முகத்தை நான் நன்றாகப் பார்த்துக்கொண்டேன்.

உன் புத்தகத்தில், ஆள்மேல் பிழை இல்லை, அமைத்த விதத்தில்தான் பிழை என்று எழுதுவாய். எழுது, அதுதான் படித்தவர்கள் எழுத வேண்டியது. ஐந்து வயதுப் பிள்ளையிடம் மன்னிக்க ஒன்றுமில்லை, இதைக் கேட்டு அழுதால் இன்னொரு அறை வைப்பேன். நோபர்ட்டிடமும் ஒன்றுமில்லை, இருந்ததெல்லாம் என்னிடம்தான். ஆனால் கண்ணு, உன் அமைப்பில் ஒரு மணி இருந்தது. அதை ஒரு கை கழற்றியது. அந்தக் கைக்கு ஒரு பெயர் இருக்கிறது. உன் புத்தகத்தில் அதற்கு இடம் இல்லையென்றால் என் கடிதத்திலாவது இருக்கட்டும். மற்ற எல்லாரையும் விட்டுவிட்டேன், லயத்து அர்த்தத்தில். இந்த ஒருவனை விட மாட்டேன்.

ஒஸ்வல்ட்.